கணையக் கட்டிக்கு ஊசி பயாப்ஸி: மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“கண்ணு, சித்தப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு” என்று சித்தி கோத்தகிரியிலிருந்து போன் செய்தபோது நான் கோவையில் வேலையில் இருந்தேன். கையில் வேறு யாருடைய ஸ்லைடோ இருந்தது. ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். “நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி”, அதாவது புற்றுச் செல் இல்லை, என்ற வரிக்கு வீட்டில் யாரோ பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு மேல் வரியில் செல்கள் குறைவு என்றும், கீழ் வரியில் “கிளினிக்கல் கோரிலேஷன்” தேவை என்றும் இருந்தன. அந்த இரண்டிற்கும் கோடு இல்லை.

நான் மருத்துவர் இல்லை. செல்களைப் பரிசோதிக்கும் சைட்டாலஜி பிரிவில் டெக்னீஷியன். ஊசியில் வரும் துளியைக் கண்ணாடியில் பரப்பிச் சாயமேற்றுவது என் வேலை. ஊரிலிருந்து யாராவது கணையத்தில் கட்டி என்று கீழே இறங்கினால் எனக்குத்தான் போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சித்தப்பாவின் கதை நடுநடுவே வரும், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. முதலில், ஊசி தேவையா என்று கேளுங்கள்

கட்டி என்றாலே பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துப் பார்ப்பது, என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். கணையத்தில் அப்படி இல்லை. சிடி ஸ்கேனில் கட்டி தெளிவாகப் புற்றுநோயைப் போலவே இருந்து, பெரிய ரத்தக்குழாய்களைத் தொடாமலும், உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் நிலையிலும் இருந்தால், ஊசியே போடாமல் நேராக ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்வதும் சரியான மருத்துவமே. ஊசியில் நெகட்டிவ் வந்தாலும் அந்தக் கட்டியை எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், ஊசியால் முடிவு மாறப் போவதில்லை.

ஊசி கட்டாயமாகும் இடங்கள் உண்டு. ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுப்பதாக இருந்தால், அல்லது ஆபரேஷனே முடியாது, கீமோ மட்டும்தான் என்றால், திசு ஆதாரம் இல்லாமல் மருந்தைத் தொடங்க மாட்டார்கள். புற்றுநோய்தானா, காசநோயா, ஆட்டோஇம்யூன் கணைய அழற்சியா என்ற சந்தேகம் இருந்தாலும் ஊசி வேண்டும். ஆட்டோஇம்யூன் வகை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது, ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கரையக்கூடியது. அதைப் புற்றுநோய் என்று நினைத்துக் கணையத்தை வெட்டியெடுத்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு.

இன்னொன்றையும் கேளுங்கள். ஈரலில் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் பெரும்பாலும் கணையத்தை விட்டுவிட்டு, வயிற்றின் மேலிருந்தே சாதாரண அல்ட்ராசவுண்டில் பார்த்து ஈரலில் ஊசி போடுவார்கள். அது எளிது. என்ன நோய், எவ்வளவு பரவியிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே ஊசியில் விடை கிடைத்துவிடும்.

2. மலை இறங்கும் முன்

கணையத்துக்கென்று தனியாக எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி முதலில் முடிய வேண்டும். காமாலை இருந்தால் பித்தக்குழாயில் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள், அதற்கும் முன்னால். ஸ்டென்ட் வைத்தபின் அந்த இடம் வீங்கிக் குழம்பி, கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியாமல் போகும். சித்தப்பாவுக்கு அவசரத்தில் ஸ்டென்ட்தான் முதலில். இரண்டு வாரத்தில் கண்ணின் மஞ்சள் இறங்கியது, சாப்பாடும் இறங்கியது. நோய் போய்விட்டது என்று வீடே நம்பியதற்கு அந்த ரிப்போர்ட் பாதிக் காரணம் என்றால், இந்தத் தெளிந்த கண் மீதிப் பாதி.

மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். வார்ஃபரினுக்குப் பொதுவாக 5 நாள், குளோபிடோகிரெலுக்கு 5 முதல் 7 நாள். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஆனால் இதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். இதைப் போனிலேயே கேட்டுவிடலாம். ஊசி நாளன்று காலையில் போய்ச் சொன்னால், “அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்புவார்கள். மேட்டுப்பாளையத்தில் மாறி, மறுபடி மலையேறி, மறுபடி இறங்கி.

காமாலை இருப்பவருக்கு வைட்டமின் கே உடம்பில் சரியாகச் சேராது, அதனால் ரத்தம் உறைய நேரமாகும். அதற்கான ரத்தப் பரிசோதனையை இரண்டு நாள் முன்பே மேலேயே எடுத்துக்கொள்ளலாம். கணையப் புற்றில் ஏறக்கூடிய சிஏ 19-9 என்ற பொருளுக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். அதன் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். காமாலை மட்டுமே அதை ஏற்றிவிடும். இன்னொரு பக்கம், 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு உடம்பில் அந்தப் பொருளே உருவாகாது, அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் ஏறாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், இந்தப் பரிசோதனைக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். பில் கையில் வந்தபிறகு கேட்பதில் பயனில்லை.

3. எந்த வழி, எந்த ஊசி

கணையம் வயிற்றின் முன்பக்கத்தில் இல்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் இரைப்பையின் காற்று மறைக்கும். அதனால்தான் எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே சின்ன அல்ட்ராசவுண்டைப் பொருத்தி வாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். ஈயூஎஸ் என்பது அதுதான். கணையத்தின் தலைப்பகுதிக் கட்டியை முன்சிறுகுடலிலிருந்தும், உடல், வால் பகுதிக் கட்டிகளை இரைப்பையிலிருந்தும் ஊசியால் தொடுவார்கள். இடையில் சுவர் ஒன்றுதான். இந்த வழியில் முதன்முதலாகக் கணையத்தில் ஊசி போட்டது 1990களின் தொடக்கத்தில், டென்மார்க்கில்.

வயிற்றுத்தோல் வழியாகப் போடும் முறையும் உண்டு. ஆனால் ஊசி போன தடத்திலும் வயிற்றறையிலும் புற்றுச் செல் சிந்தும் வாய்ப்பு அதில் கூடுதல். ஆபரேஷன் செய்யக்கூடிய கட்டி என்றால் ஈயூஎஸ் வழியைத்தான் கேட்க வேண்டும். தலைப்பகுதிக் கட்டிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஊசி துளைத்த அந்தக் குடல்பகுதியும் ஆபரேஷனில் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

ஊசிகளின் எண் 19, 22, 25. எண் கூடக் கூட ஊசி மெலியும். 22 என்பது ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கனம். எண்ணைவிட முக்கியமானது வகை. எஃப்என்ஏ ஊசி செல்களை உறிஞ்சி எடுக்கும். எஃப்என்பி ஊசியின் நுனி கிரீடம் போலவோ கவட்டை போலவோ வெட்டப்பட்டிருக்கும், திசுவை இழையாகவே அறுத்தெடுக்கும். என் மேசைக்கு வரும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முதலாவதில் ரத்தம் கலந்த துளி. இரண்டாவதில், பார்மலின் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் சிவப்புக் கட்டிகளுக்கு நடுவே வெள்ளை நூல் துண்டு போல ஒன்று மிதக்கும். அந்த வெள்ளை நூலைப் பார்த்தால் எனக்கு அன்றைக்கு நிம்மதி. இப்போது பல இடங்களில் எஃப்என்பிதான் போடுகிறார்கள். குறைந்த குத்தில் போதுமான திசு கிடைக்கிறது. எஃப்என்ஏ என்றால் 3 அல்லது 4 முறை குத்த வேண்டும், எஃப்என்பியில் 2 அல்லது 3 போதும் என்பது பொதுக்கணக்கு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி: “எந்த ஊசி போடுவீங்க, திசு போதுமான அளவு வந்திருக்கான்னு அங்கேயே பார்ப்பீங்களா?” எங்களைப் போன்ற ஆள் எண்டோஸ்கோப்பி அறையிலேயே நின்று, ஸ்லைடில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் செல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. எஃப்என்ஏவுக்கு அது பெரிய உதவி. எஃப்என்பி போடும் இடத்தில் அந்த ஆள் இல்லாவிட்டாலும் பெரிதாகக் குறைந்துபோவதில்லை என்று பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. இது என் பிழைப்புக்கு எதிரான செய்திதான், இருந்தாலும் உண்மை.

4. ஊசி நாள்

6 மணி நேரம் திட உணவு கூடாது. வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பார்கள். பால் விட்ட டீ தண்ணீர்க் கணக்கில் சேராது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பல்செட் இருந்தால் கழற்றி வீட்டார் கையில் கொடுத்துவிடுங்கள்.

இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து மயக்க மருந்து கொடுப்பார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நோயாளிக்கு அதில் எதுவும் நினைவிருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே நினைவூட்டுங்கள். காசநோய்ச் சந்தேகம் கொஞ்சமாவது இருந்தால், எடுத்த திசுவில் ஒரு பகுதியை உப்புநீரில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, செய்ய முடியாது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றின் சந்தேகத்துக்கும் இதே கதைதான். பார்மலினில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. நான் பார்த்தவரை, ஊசி போடுபவர் திறமைசாலியாக இருந்தும் பாட்டில் மாறியதால் மறுபடி வரவேண்டியிருந்தவர்கள் உண்டு.

5. அன்றிரவு கீழேயே தங்குங்கள்

இதில் நான் பிடிவாதம். ஊசிக்குப் பின் சிக்கல் வருவது அரிது. பெரிய தொகுப்பு ஒன்றில் 100 பேருக்குச் சுமார் ஒருவர்தான். அதில் பாதி கணைய அழற்சி, மீதி ரத்தக்கசிவு, காய்ச்சல் போன்றவை. ஆனால் வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே வலி தொடங்கும். அந்த நேரத்தில் நீங்கள் பர்லியாறு தாண்டி மூடுபனியில் வளைந்துகொண்டிருக்கக் கூடாது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மயக்க மருந்து முழுதாக இறங்காத வயிற்றுக்கு அந்தச் சுற்றலே வாந்தி தரும். இது வளைவின் வாந்தியா, கணையத்தின் வாந்தியா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யார் சொல்வது?

மேல்வயிற்றில் ஏறிக்கொண்டே போகும் வலி, அது முதுகுக்குப் பாய்வது, குளிர்க்காய்ச்சல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அதே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டை ஒருநாள் கரகரக்கும், அது ஒன்றும் இல்லை.

6. ரிப்போர்ட்டை வாசிப்பது

வருவதற்கு சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். கூடுதல் சாயம் போட வேண்டியிருந்தால் இன்னும் சில நாள். அதில் இருக்கும் முடிவு கீழுள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

“பாசிட்டிவ்” என்றால் நம்பலாம். ஊசி பொய்யாகப் புற்றுநோய் என்று சொல்வது மிக அரிது.

“சஸ்பீஷியஸ்” என்றால் ஏறத்தாழ புற்றுநோய், ஆனால் கையெழுத்துப் போடும் அளவுக்குச் செல்கள் இல்லை. “அட்டிபிக்கல்” என்றால் செல் இயல்பாக இல்லை, காரணம் புற்றாகவும் இருக்கலாம், வெறும் அழற்சியாகவும் இருக்கலாம்.

“நான் டயக்னாஸ்டிக்” அல்லது “இன்அடிக்வேட்” என்றால் பரிசோதனை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன் சிக்கவில்லை என்பது வேறு, வலையே தண்ணீரில் விழவில்லை என்பது வேறு. இது இரண்டாவது.

அப்புறம் “நெகட்டிவ்”. இதற்குத்தான் கீழே தனியாக ஒரு பகுதி.

“நியூரோஎண்டோக்ரைன்” என்ற சொல் வந்தால் அது வேறு வகைக் கட்டி. பெரும்பாலும் மெதுவாக வளர்வது, சிகிச்சையும் வேறு. அதற்குச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கே.ஐ.-67 என்ற எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். நீர்க்கட்டியாக இருந்தால் இந்த வழிகாட்டி முழுதாகப் பொருந்தாது. அங்கே செல்லைவிட உறிஞ்சிய நீரில் செய்யும் பரிசோதனைகளுக்குத்தான் மதிப்பு.

7. எத்தனை சதவீதம் சரியாக இருக்கும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பு 33 ஆய்வுகளையும் ஏறத்தாழ 5,000 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. எஃப்என்ஏ ஊசி, புற்றுநோய் உள்ள 100 பேரில் 85 பேரைச் சரியாகப் பிடித்தது. புற்றுநோய் இல்லாத 100 பேரில் 98 பேருக்கு இல்லை என்றே சொன்னது. சந்தேக ரிப்போர்ட்டுகளையும் பாசிட்டிவ் கணக்கில் சேர்த்தால் பிடிப்பது 91 ஆகிறது, ஆனால் இல்லாதவரை இல்லை என்பது 94 ஆகக் குறைகிறது. ஒரே ஊசிக்கு ஒருவர் 85 என்றும் இன்னொருவர் 91 என்றும் சொல்வது இதனால்தான். புது எஃப்என்பி ஊசிகளில் 90ஐத் தாண்டிய எண்களே பெரும்பாலும் வருகின்றன.

சரி, 90 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு நெகட்டிவ் ரிப்போர்ட் 90 சதவீதம் சரி என்று அர்த்தமா? இல்லை. இங்கேதான் சித்தப்பா வீடு சறுக்கியது.

கணக்குக்காக 100 பேர். எல்லோருக்கும் சிடியில் கட்டி, பார்த்தாலே புற்று போன்ற தோற்றம். அவர்களில் 80 பேருக்கு உண்மையிலேயே புற்றுநோய் என்று வைப்போம். ஊசி 72 பேரைப் பிடிக்கும், 8 பேரைத் தவறவிடும். நோயில்லாத 20 பேருக்கும் நெகட்டிவ் வரும். ஆக நெகட்டிவ் வாங்கியவர்கள் 28 பேர். அவர்களில் 8 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது. நாலில் ஒன்றுக்கும் மேல்.

இப்போது வேறு 100 பேர். பல வருடமாகக் கணைய அழற்சி, ஸ்கேனில் லேசான வீக்கம்தான், 20 பேருக்கு மட்டும் புற்று. அழற்சி இருந்தால் ஊசியின் திறனே குறையும். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அழற்சி இல்லாதவர்களிடம் 91 ஆக இருந்தது, இருந்தவர்களிடம் 74 ஆக இறங்கியது. அந்த 74ஐயே போட்டாலும் 15 பேர் பிடிபடுவர், 5 பேர் தப்புவர். நெகட்டிவ் வாங்கிய 85 பேரில் 5 பேருக்குத்தான் புற்று. ஊசி மட்டமாக வேலை செய்தும் அதன் “இல்லை”க்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஆக, உங்கள் ரிப்போர்ட்டின் நம்பகம் ஊசியின் எண்ணில் மட்டும் இல்லை. ஊசி போடும் முன் சந்தேகம் எவ்வளவு இருந்ததோ, அதில் இருக்கிறது. சித்தப்பாவுக்குத் தலைப்பகுதியில் 3 சென்டிமீட்டர் கட்டி, பித்தக்குழாயும் கணையக்குழாயும் இரண்டுமே விரிந்திருந்தன, ஒரு வருடத்துக்குள் புதிதாகச் சர்க்கரை, 9 கிலோ எடை போயிருந்தது. அவர் முதல் 100 பேரில் ஒருவர்.

அழற்சிக் கூட்டத்தை ஏன் தனியாகச் சொன்னேன் என்றால், நம் பக்கத்தில் அது அதிகம். இளவயதிலேயே கணையத்தில் கல், வயிற்றுவலி, சர்க்கரை என்று வரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி கேரளத்தில் 1960களிலிருந்தே விரிவாகப் பதிவானது, தமிழ்நாட்டிலும் உண்டு. கேரள எல்லையை ஒட்டிய கூடலூர், பந்தலூர் பக்கத்துக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் இருப்பவருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல், ஊசியில் அது சிக்குவதும் கடினம்.

ஏன் தவறவிடுகிறது என்று கேட்டால், பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பர்லியாறில் வண்டியை நிறுத்தி வாங்குகிற நல்ல பலா இல்லை, சுளை குறைந்து நாராகவே இருக்கும் பலா. கணையப் புற்றுக்கட்டியில் புற்றுச் செல்கள் கொஞ்சம், அவற்றைச் சுற்றிக் கெட்டியான நார்த்திசு ஏராளம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குச்சியைக் குத்தினால் நார்தான் வரும். கட்டியின் நடுவில் அழுகிப்போன திசு இருந்தால் அங்கே குத்தியும் பயனில்லை. அதனால்தான் நல்ல கைகள் ஒரே துளையில் ஊசியின் கோணத்தை மாற்றி மாற்றி, விசிறி விரிப்பதுபோல, ஓரங்களையும் தொட்டு எடுப்பார்கள்.

8. நெகட்டிவ் வந்தால்

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். “ஸ்கேன் சொல்றதும் இதுவும் ஒத்துப்போகுதா?” என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் நாங்கள் எப்போதும் எழுதும் “கிளினிக்கல் கோரிலேஷன்” என்பதற்கு அர்த்தம் இதுதான். எங்கள் அறையிலிருந்து பார்த்தால் அது பழக்கத்தில் விழும் வரி, நோயாளி கையில் அதுதான் முழு ரிப்போர்ட்.

“நெகட்டிவ்” என்பதோடு வேறு காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காசநோய், ஆட்டோஇம்யூன் அழற்சி என்று பெயரிட்ட ஒரு நோய் இருந்தால், கட்டிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. வெறுமனே “புற்றுச் செல் இல்லை” என்றால் கட்டி இன்னும் விளக்கமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒத்துப்போகவில்லையென்றால் மூன்று வழிகள். அதே ஸ்லைடுகளை வேறொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுவது. எஃப்என்பி ஊசியால் மறுபடி எடுப்பது, இரண்டாவது முறையில் கணிசமானோருக்கு விடை கிடைக்கிறது. ஆபரேஷன் செய்யக்கூடிய நிலை என்றால், ஊசிக்காகக் காத்திராமல் நேரே அறுவை மருத்துவரிடம் போவது. “ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், கட்டி இவ்வளவு புற்று போலத் தெரியும்போது ஏன் ஆறு மாதம் என்று கேட்பதில் தப்பில்லை.

சித்தப்பா வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் போனில் சொன்னேன், இன்னொரு தடவை காட்டுங்கள் என்று. “நல்லதா வந்ததை ஏன் கண்ணு நோண்டறே?” என்றார் சித்தி. நான் அதற்கு மேல் அழுத்தவில்லை. கொழுந்துப் பறிப்பு நேரம், ஆள் கிடைக்காத காலம், தோட்டத்தை விட்டு வர முடியாது என்றார்கள். நாலு மாதம் கழித்து முதுகுவலியோடு இறங்கினார்கள். அப்போது கட்டி ரத்தக்குழாயைச் சுற்றியிருந்தது. இரண்டாவது ஊசி எஃப்என்பி. அந்தப் பாட்டில் என் மேசைக்கு வரவில்லை, வேறு ஆய்வகத்துக்குப் போனது. பாசிட்டிவ். இப்போது கீமோ நடக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்.

ஸ்லைடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் தருவார்கள். எண்களை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மேட்டுப்பாளையத்து மதிய வெயிலுக்கு அது இளகும். ஸ்லைடு கண்ணாடி. பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பஸ்ஸில் மேலே வைத்தால் மூன்றாவது வளைவிலேயே யாராவது கேரட் மூட்டையை அதன்மேல் தள்ளிவிடுவார்கள். சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.